சேர்வர் படுத்தால் முதலில் லொக்: எங்கே கிடக்கும், எப்படிப் புடைப்பது

"தம்பி, சிஸ்டம் வேலை செய்யுதில்ல. எட்டுத் தரம் ஓஃப் பண்ணி ஒன் பண்ணிப் பாத்திட்டன்."

கல்முனைப் பக்கத்து மருந்துக்கடை ஒன்றிலிருந்து ஒரு திங்கட்கிழமை காலை வந்த போன் அது. அந்த "எட்டுத் தரம்"தான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. அங்கே ஓடுவது எஸ்கியூஎல் சேர்வர், மைக்ரோசொஃப்ட்டின் டேட்டாபேஸ் மென்பொருள். ஒவ்வொரு தரம் எழும்பும்போதும் அது தன் லொக்கை, அதாவது நடப்பதை எழுதிவைக்கும் எரர்லொக் என்ற கோப்பைப் புதிதாகத் தொடங்கும். இருந்ததை எரர்லொக் டொட் 1 ஆக்கிப் பின்னால் தள்ளும். நாமாக மாற்றாவிட்டால் பழையதில் ஆறைத்தான் வைத்திருக்கும். எட்டுத் தரம் எழுப்பியதில் ஞாயிறு இரவு நடந்ததை எழுதிவைத்த கோப்பு போயே போய்விட்டது. நான் போய்த் திறந்த ஏழு கோப்பிலும் அன்று காலை அவர் எழுப்பிய கதைதான் இருந்தது.

ஆகவே கீழே உள்ள எந்த அறிகுறி என்றாலும் முதல் வேலை ஒன்றுதான்: லொக் கோப்புறையை அப்படியே பென் டிரைவில் பிரதி எடுங்கள். அதன் பிறகு ரீஸ்டார்ட் பண்ணுங்கள், வயரை ஆட்டிப் பாருங்கள், நேர்த்தி வையுங்கள், உங்கள் விருப்பம்.

கட்டளைகளை நான் போனில் சொல்லிக்கொடுக்கிற மாதிரியே எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். கட்டளையில் "சின்ன என்", "பெரிய சி" என்று வந்தால் முன்னால் ஒரு கழித்தல் குறி போட்டு அந்த எழுத்தைத் தட்டுங்கள்.

## லொக் எங்கே என்றே தெரியவில்லை

சேர்வர் உயிரோடு இருக்கிறது என்றால் தேடி அலைய வேண்டாம், அதனிடமே கேளுங்கள். மைஎஸ்கியூஎல், அதன் கிளையான மரியாடிபி இரண்டிலும் "ஷோ வேரியபிள்ஸ் லைக்" என்று தொடங்கி மேற்கோளுக்குள் லொக் அண்டர்ஸ்கோர் எரர் கொடுத்தால் பாதையைச் சொல்லும். போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸில் பதிப்பு 10 முதல் பிஜி அண்டர்ஸ்கோர் கரண்ட் அண்டர்ஸ்கோர் லொக்ஃபைல் என்ற ஃபங்ஷனை செலக்ட் பண்ணினால் போதும். அது வெறுமையாக வந்தால் போஸ்ட்கிரெஸ் தானே லொக் எழுதவில்லை, சிஸ்டத்திடம் கொடுத்துவிட்டது என்று அர்த்தம். உபுண்டு லினக்ஸில் அப்படித்தான் இருக்கும், பயப்பட ஒன்றுமில்லை.

சேர்வர் எழும்பவில்லை என்றால் வழக்கமான இடங்களைப் பாருங்கள்.

உபுண்டு, டெபியனில் வார் கோப்புறைக்குள் லொக், அதற்குள் மைஎஸ்கியூஎல், அதற்குள் எரர் டொட் லொக். போஸ்ட்கிரெஸ் என்றால் அதே வார் லொக்குக்குள் போஸ்ட்கிரெஸ்கியூஎல் கோப்புறையில், பதிப்பு எண்ணும் மெயின் என்ற சொல்லும் சேர்ந்த பெயரில் கிடக்கும். ரெட்ஹட் லினக்ஸ் வகைகளில் மைஎஸ்கியூஎல் லொக் வார் லொக்குக்குள் நேரடியாகவோ அங்குள்ள மைஎஸ்கியூஎல் கோப்புறைக்குள்ளோ மைஎஸ்கியூஎல்டி டொட் லொக் என்று நிற்கும். அதே ரெட்ஹட்டில் போஸ்ட்கிரெஸ் லொக் டேட்டா கோப்புறைக்குள்ளேயே இருக்கும், ஒரு கிழமைக்கு ஏழு கோப்பு, ஒவ்வொரு நாளின் பெயரிலும் ஒன்று. போன செவ்வாய் எழுதியதை இந்தச் செவ்வாய் அழித்துவிட்டு எழுதும். "போன மாதம் நடந்ததைப் பாக்கலாமா" என்று கேட்டால் பார்க்க முடியாது என்பதுதான் பதில்.

விண்டோஸில் பெரும்பாலும் ஆட்கள் தேடுவது பிழையான இடத்தில். மைஎஸ்கியூஎல் நிறுவியது புரோகிராம் ஃபைல்ஸில், ஆனால் லொக் இருப்பது புரோகிராம் டேட்டாவில். அந்தக் கோப்புறை ஒளிந்திருக்கும். எக்ஸ்புளோரரின் வியூவில் மறைந்த கோப்புகளைக் காட்டச் சொன்னால்தான் தெரியும். உள்ளே டேட்டா கோப்புறையில் கொம்பியூட்டரின் பெயரோடு ஈஆர்ஆர் என்று முடியும் கோப்புத்தான் நமக்கு வேண்டியது. வெப் சேர்வரும் டேட்டாபேஸும் ஒரே பொதியாக வரும் எக்ஸாம்ப் போட்டவர்களுக்கு அதே டேட்டா கோப்புறை எக்ஸாம்ப்புக்குள், மைஎஸ்கியூஎல்லுக்குள் இருக்கும். கோப்பு மைஎஸ்கியூஎல் அண்டர்ஸ்கோர் எரர் டொட் லொக். 2015 தொடக்கம் எக்ஸாம்ப்புக்குள் ஓடுவது மரியாடிபி, பட்டனில் மட்டும்தான் மைஎஸ்கியூஎல் என்று எழுதியிருக்கிறது. இது பிறகு உதவும்.

எஸ்கியூஎல் சேர்வரின் லொக், புரோகிராம் ஃபைல்ஸ், மைக்ரோசொஃப்ட் எஸ்கியூஎல் சேர்வர், பிறகு இன்ஸ்டன்ஸ் பெயர் கொண்ட கோப்புறை, அதற்குள் எம்எஸ்எஸ்கியூஎல், அதற்குள் லொக். எரர்லொக் கோப்புக்கு டொட்டும் இல்லை, வாலும் இல்லை. இரட்டைக் கிளிக் பண்ணினால் எதில் திறக்க என்று விண்டோஸ் கேட்கும். நோட்பேட் என்று சொல்லுங்கள்.

டொக்கரில் ஓடுகிறது என்றால் கோப்பைத் தேடாமல் "டொக்கர் லொக்ஸ்" என்று தட்டி கொன்டெய்னரின் பெயரைக் கொடுங்கள்.

கோப்பு இருக்கிறது, உள்ளே ஒன்றுமில்லை. இதற்கு மூன்று காரணம் கண்டிருக்கிறேன். ஒன்று, பழைய லொக்கை ஒதுக்கிவைக்கும் லொக்ரொட்டேட் இரவில் சுற்றிவிட்டது. பக்கத்தில் பழையவை டொட் 1 என்றோ, சுருக்கப்பட்டு ஜீஇசட் என்று முடிந்தோ இருக்கும், ஜீஇசட்டை அவிழ்க்காமலே இசட்கிரெப்பால் தேடலாம். இரண்டு, புதிய டெபியன், உபுண்டுவில் மரியாடிபி கோப்பில் எழுதாமல் சிஸ்டத்தின் ஜேர்னலில் எழுதும். "ஜேர்னல்சிடிஎல்" தட்டி, சின்ன யூ போட்டு, மரியாடிபி என்று கொடுங்கள். மூன்று, உங்களுக்கு வாசிக்க அனுமதி இல்லை. கட்டளைக்கு முன்னால், நிர்வாகி அனுமதி தரும் சூடோ போடுங்கள். மூன்றாவதைத்தான் முதலில் பார்த்திருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தரமும் பிறகுதான் நினைப்பு வருகிறது.

## லொக் இருக்கிறது, நேரம் பொருந்தவில்லை

கடைக்காரர் சொல்கிறார், காலை 10.15க்குத்தான் பில் அடிக்க முடியாமல் போனது என்று. லொக்கில் 10.15க்கு ஒன்றுமே இல்லை. அதிகாலை 4.45க்கு ஒரு எரர் இருக்கிறது. கடையோ பூட்டிக் கிடந்த நேரம்.

நேரத்தின் கடைசியில் இசட் என்று ஓர் எழுத்து நிற்கிறதா பாருங்கள். நின்றால் அது கிரீன்விச் நேரம். மைஎஸ்கியூஎல் நாமாக மாற்றும்வரை அப்படித்தான் எழுதும். ஐந்தரை மணித்தியாலம் கூட்டினால் 4.45 என்பது 10.15 ஆகிவிடும். கொன்ஃபிக் கோப்பில் லொக் அண்டர்ஸ்கோர் டைம்ஸ்டாம்ப்ஸ் என்பதை சிஸ்டம் என்று மாற்றினால் இனி நம் நேரத்தில் எழுதும். எஸ்கியூஎல் சேர்வரும் மரியாடிபியும் கொம்பியூட்டரின் நேரத்தையே எழுதுகின்றன. போஸ்ட்கிரெஸில் லொக் டைம்சோன் என்ற அமைப்பு உண்டு. வெளிநாட்டு கிளவுட்டில் வாடகைக்கு எடுத்த சேர்வர் என்றால் அங்கேயும் ஐந்தரை மணித்தியால வித்தியாசத்தை எதிர்பாருங்கள்.

திகதியே பல வருடம் பின்னால் நின்றால் மதர்போர்டின் பட்டன் பேட்டரி செத்துவிட்டது. லொக்கில் ஒரு பிழையும் இல்லை.

## லொக் மலைபோல் இருக்கிறது, எதை வாசிப்பது

இரண்டு ஜிபி லொக்கை நோட்பேடில் திறந்துவிட்டு கொம்பியூட்டர் உறைந்துபோய்விட்டது என்று கூப்பிட்டவர்களும் இருக்கிறார்கள். திறக்க வேண்டாம். நெல்லைச் சுளகில் போட்டுப் புடைப்பது மாதிரி, பதர் பறக்க மணி நிற்க வேண்டும்.

முதலில் வாலைப் பாருங்கள். லினக்ஸில் டெயில், சின்ன என், 200, பிறகு கோப்பின் பெயர். விண்டோஸ் பவர்ஷெல்லில் கெட்-கொன்டென்ட், கோப்பின் பெயர், கழித்தல் குறியோடு டெயில், 200. அதில் ஆறுதலான ஒரு வரியைத் தேடுங்கள்: மைஎஸ்கியூஎல் என்றால் "ரெடி ஃபோர் கனெக்ஷன்ஸ்", போஸ்ட்கிரெஸ் என்றால் "ரெடி டு அக்செப்ட் கனெக்ஷன்ஸ்". அந்த நல்ல வரிக்குப் பிறகு வரும் முதல் எரர்தான் காரணம். கடைசி எரரைப் பிடித்துக்கொண்டு மல்லுக்கட்டுவதில் பயனில்லை. அது அநேகமாக முதலாவதின் பின்விளைவு. "அபோர்ட்டிங்" என்ற கடைசி வரியை இணையத்தில் தேடினால் உலகத்தில் உள்ள எல்லா நோயும் வரும்.

மறுகா சொல் தேடல். லினக்ஸில் கோப்புக்குள் சொல் தேடும் கட்டளை கிரெப். அதற்குச் சின்ன ஐ கொடுத்தால் பெரிய எழுத்து, சின்ன எழுத்து பார்க்காது. பெரிய சி கொடுத்து 5 என்றால் அகப்பட்ட வரிக்கு மேலும் கீழும் ஐந்து வரி சேர்த்துக் காட்டும். இது இல்லாமல் தேடவே கூடாது, ஏனெனில் எரர் ஒரு வரியிலும் அதன் காரணம் அதற்கு மேல் வரியிலும் இருப்பது வழக்கம். சின்ன வி கொடுத்தால் அந்தச் சொல் உள்ள வரிகளை விலக்கும்.

ஏறாவூரில் ஒரு கடையின் மைஎஸ்கியூஎல் 8 லொக் முழுக்க எச்சரிக்கையாக நிரம்பிக் கிடந்தது. அந்தப் பதிப்பில் ஒவ்வொரு செய்திக்கும் எம்வை என்று தொடங்கும் ஆறு இலக்க எண் உண்டு. கிரெப்புக்குச் சின்ன ஓ கொடுத்து அந்த எண்ணை மட்டும் பிடுங்கி, சோர்ட்டுக்கு அனுப்பி, அங்கிருந்து யுனிக்குக்குச் சின்ன சி கொடுத்து அனுப்பினேன். எந்த எண் எத்தனை தரம் என்று சுருக்கமான பட்டியல் வந்தது. கிட்டத்தட்ட எல்லாமே 013360: பழைய கடவுச்சொல் முறையைப் பாவிக்கிறீர்கள் என்று கனெக்ஷனுக்கு ஒரு தரம் புலம்பும் எச்சரிக்கை. அந்த எண்ணைச் சின்ன வி போட்டு விலக்கினேன். மிஞ்சிய சில வரிகளில் ஒன்று, டிஸ்க்கில் இடமில்லை என்றது. இரண்டு நாளாக அவர்கள் அந்தப் புலம்பலைத்தான் காரணம் என்று நினைத்து மென்பொருள் காரரோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

எஸ்கியூஎல் சேர்வரின் எரர்லொக்கை விண்டோஸின் தேடல் கட்டளையான ஃபைன்ட்ஸ்ட்ரால் தேடினால் இருப்பதும் இல்லை என்று வரும். கோப்பு யூடிஎஃப்-16 என்ற எழுத்துக் குறியீட்டில் எழுதப்படுகிறது, ஃபைன்ட்ஸ்ட்ருக்கு அது வாசிக்கத் தெரியாது. பவர்ஷெல்லின் செலக்ட்-ஸ்ட்ரிங்கைப் பாவியுங்கள்.

போஸ்ட்கிரெஸில் எரர் என்ற சொல்லைக் கண்டு பதற வேண்டாம். அநேகமானவை மென்பொருள் அனுப்பிய பிழையான கேள்வி, ஒரே இலக்கத்தை இரண்டு தரம் பதிந்தது போன்றவை. ஃபேட்டல் என்றால் அந்த ஒரு கனெக்ஷன் முடிந்தது. பானிக் என்றால்தான் சேர்வரே விழுந்தது. தேடும்போது பானிக்கில் தொடங்கிக் கீழே வாருங்கள்.

## சேர்வீஸ் எழும்பவே இல்லை

செலவில்லாததில் தொடங்குகிறேன்.

டிஸ்க் நிரம்பிவிட்டதா? லொக்கில் "நோ ஸ்பேஸ் லெஃப்ட்" என்று தேடுங்கள், மைஎஸ்கியூஎல்லில் எரர் 28 என்றும் வரும். லினக்ஸில் டிஎஃப், சின்ன எச். நிரம்பியிருந்தால் கடைசி அறிகுறிக்குப் போங்கள். அதை வாசிக்காமல் எதையும் அழிக்க வேண்டாம்.

போர்ட் பிடிபட்டுள்ளதா? 3306இல் வேறொரு மைஎஸ்கியூஎல் ஏற்கெனவே ஓடுகிறதா என்று லொக்கே திருப்பிக் கேட்கும். எக்ஸாம்ப்பும் தனி மைஎஸ்கியூஎல்லும் ஒரே கொம்பியூட்டரில் இருந்தால் இதுதான். ஒன்றை நிறுத்துங்கள்.

கொன்ஃபிக்கில் கை வைத்தீர்களா? "அன்நோன் வேரியபிள்" என்று வந்தால் அதற்குப் பக்கத்திலேயே பிழையான சொல்லும் இருக்கும்.

அனுமதி. எரர் எண் 13. டேட்டா கோப்புறையை வேறு டிஸ்க்குக்கு மாற்றிய பிறகு வருவது. உரிமையாளரை மைஎஸ்கியூஎல் ஆக்கியும் எழும்பாவிட்டால், உபுண்டுவில் காவல்காரன் ஆப்ஆர்மர். லினக்ஸின் மையமான கேர்னலின் லொக்கில் "டினைட்" என்று தேடுங்கள்.

கரண்ட் போய் வந்த பிறகு எக்ஸாம்ப் எழும்பவில்லை. மழைக் காலத்தில் இந்தக் கரையோரத்தில் எனக்கு அதிகம் வருவது இதுதான். பட்டனை அமத்தினால் எதிர்பாராமல் நின்றுவிட்டது என்று சிவப்பில் காட்டும், அதற்கு மேல் அதற்குத் தெரியாது. எரர் லொக்கைத் திறங்கள். "ஏரியா ரிகவரி ஃபெயில்ட்" என்று இருந்தால் கொடுத்துவைத்தவர் (ஏரியா என்பது மரியாடிபியின் ஒரு டேபிள் வகை): ஏரியா டேபிள்களைச் சரிபார்த்து, ஏரியா அண்டர்ஸ்கோர் லொக் என்று தொடங்கும் கோப்புகளை அகற்று என்று லொக்கே வழியும் சொல்லும். டேட்டா கோப்புறை முழுவதையும் பிரதி எடுத்துவிட்டு, அந்தக் கோப்புகளை அழிக்காமல் வேறிடத்துக்கு நகர்த்துங்கள். ஏரியா அண்டர்ஸ்கோர் லொக் அண்டர்ஸ்கோர் கொன்ட்ரோல் என்ற கோப்பில் கை வைக்க வேண்டாம், அது வேறு.

டேபிள்களைச் சேமிக்கும் பகுதியான இனோடிபி என்ற சொல்லோடு "கொரப்ட்" என்று வந்தால் இங்கே நிறுத்துங்கள். ஐபிடேட்டா1 என்ற அதன் கோப்பை அழித்துவிடு என்று சொல்லும் காணொளிகள் இருக்கின்றன. அதை அழித்தால் சேர்வர் அழகாக எழும்பும், உள்ளே உங்கள் டேபிள்கள் திறக்காது. இனோடிபி ஃபோர்ஸ் ரிகவரியை 1இல் இருந்து 3வரை பிரதியில் வைத்துப் பார்க்கலாம். 4க்கோ அதற்கு மேலோ போனால் டேட்டா நிரந்தரமாகக் கெடக்கூடும், அது தெரிந்த ஆளின் வேலை.

## ஓடுகிறது, தானாக விழுகிறது, தானாக எழும்புகிறது

ஆட்களைச் சுற்றவைக்கும் அறிகுறி இது. டேட்டாபேஸ் லொக்கில் எரரே இருக்காது. "லொக்கில ஒண்டும் இல்லையே" என்பார்கள். அந்த ஒன்றும் இல்லாததுதான் தடயம். முறையாக நிறுத்தினால் ஷட்டவுன் என்று எழுதிவிட்டுத்தான் போகும். அந்த வரி இல்லாமல் திடீரென்று ஸ்டார்ட்டிங் என்று வந்தால், அதனோடு கிராஷ் ரிகவரி என்றும் இருந்தால், எழுத நேரமில்லாமல் செத்திருக்கிறது. கொன்றது வெளியில், வெளி லொக்கைப் பாருங்கள்.

கரண்டா? விண்டோஸ் ஈவென்ட் வியூவரில், சிஸ்டம் பகுதியில் 41, 6008 என்ற இலக்கங்களுக்கு ஃபில்டர் போடுங்கள். அவற்றின் நேரமும் டேட்டாபேஸ் எழும்பிய நேரமும் ஒன்றானால் யூபிஎஸ் பேட்டரியை மாற்றுங்கள். ஜெனரேட்டர் இருக்கிறதே என்று சொல்லாதீர்கள். அது பிடிக்கும்வரை உள்ள சில விநாடிகளைத் தாங்குவதற்குத்தான் யூபிஎஸ்.

மெமரியா? லினக்ஸில் ஜேர்னல்சிடிஎல், சின்ன கே, அதில் "அவுட் ஒஃப் மெமரி" என்று தேடுங்கள். மைஎஸ்கியூஎல்டியைக் கொன்றேன் என்று கேர்னல் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கும். சம்மாந்துறைப் பக்கத்து அரிசி ஆலை ஒன்றில், 4 ஜிபி மெசினில் யாரோ டேட்டாபேஸ் மெமரியில் பிடித்துவைக்கும் பஃபர் பூல் அளவை 3 ஜிபி ஆக்கியிருந்தார்கள், வேகம் கூடட்டும் என்று. அறுவடைக் காலத்தில் தராசுக் கணக்கு ஏற ஏற, பின்னேரம் பின்னேரம் விழுந்தது. 1 ஜிபி ஆக்கியதும் நின்றது. செலவு சைபர்.

டிஸ்க்கா? எஸ்கியூஎல் சேர்வரில் 823, 824, 825 என்ற எண்களைத் தேடுங்கள். 825 மட்டும் வந்தால் எல்லாம் ஓடிக்கொண்டேயிருக்கும். ஒரு தரம் வாசிக்க முடியாமல், திரும்ப முயன்று வாசித்திருக்கிறது. சும்மா தகவல்போல் எழுதப்படுவதால் யாரும் கவனிப்பதில்லை. டிஸ்க் போகப்போகிறது, அன்றைக்கே பேக்கப் எடுங்கள். 823, 824 வந்தால் ஆளைக் கூப்பிடுங்கள், ரிப்பேர் என்ற கட்டளையை நீங்கள் ஓட்ட வேண்டாம். அதன் பெயரிலேயே டேட்டா லொஸ் அனுமதி என்று இருக்கிறது.

## சிலருக்கு வேலை செய்கிறது, சிலருக்கு இல்லை

"டூ மெனி கனெக்ஷன்ஸ்", எரர் 1040: மைஎஸ்கியூஎல் மாற்றாமல் விட்டால் 151 வரைதான் விடும். போஸ்ட்கிரெஸ் 100. மூன்று பில்லிங் மெசின் உள்ள கடையில் 151 நிரம்புகிறது என்றால் எண்ணைக் கூட்டாதீர்கள். மென்பொருள் கனெக்ஷனை மூடாமல் விடுகிறது, அதை எழுதியவரிடம் போங்கள்.

எஸ்கியூஎல் சேர்வரில் 18456 என்றால் லொகின் பிழை. கடைத் திரையில் காரணம் வராது, லொக்கில் வரும்: ஸ்டேட் 5 அப்படி ஒரு பயனர் இல்லை, 8 கடவுச்சொல் பிழை, 38 அந்த டேட்டாபேஸைத் திறக்க முடியவில்லை. போஸ்ட்கிரெஸில் "பிஜி எச்பிஏ" என்று வந்தால் அந்தக் கொம்பியூட்டரின் ஐபி அனுமதிப் பட்டியலில் இல்லை; ரவுட்டர் மாற்றிய மறுநாள் வருவது. மைஎஸ்கியூஎல் லொகின் பிழைகளைச் சும்மா எழுதாது, லொக் எரர் வெர்பொசிட்டியை 3 ஆக்கினால் எழுதும்.

## மெதுவாகிவிட்டது

எரர் லொக்கில் இதற்குப் பதில் கிடையாது. மைஎஸ்கியூஎல்லில் ஸ்லோ குவெரி லொக்கைத் திறந்து, லோங் குவெரி டைமை 10 விநாடியிலிருந்து 2 ஆக்குங்கள். ஒரு வியாபார நாள் ஓடவிட்டு, மைஎஸ்கியூஎல்டம்ப்ஸ்லோவில் பாருங்கள். போஸ்ட்கிரெஸில் லொக் மின் டியூரேஷன் ஸ்டேட்மென்ட். ஜெனரல் லொக்கைத் திறந்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போகாதீர்கள், எல்லாக் கேள்வியையும் எழுதி டிஸ்க்கை நிரப்பிவிடும்.

## டிஸ்க் நிரம்புகிறது, லொக்கை அழிக்கலாமா

லொக் என்று பெயர் வைத்ததெல்லாம் லொக் அல்ல. போஸ்ட்கிரெஸில் முன்பு பிஜி எக்ஸ்லொக் என்று ஒரு கோப்புறை இருந்தது. லொக்தானே என்று ஆட்கள் அதை அழித்து டேட்டாபேஸையே இழந்தார்கள். 2017இல் வந்த பதிப்பு 10இல் அதன் பெயரை பிஜி வோல் என்று மாற்றியதற்கு அந்தக் குழப்பமும் ஒரு காரணம். மைஎஸ்கியூஎல்லின் ஐபி லொக்ஃபைல், எஸ்கியூஎல் சேர்வரின் எல்டிஎஃப் இரண்டும் அதே சாதி. டேட்டாவின் அரைவாசி உயிர் அதற்குள்.

மைஎஸ்கியூஎல் 8இல் இடத்தைத் தின்பது அநேகமாக பின்லொக், டேட்டாவில் செய்த மாற்றங்களைப் பதியும் கோப்புகள். அதுவாகவே 30 நாள் வைத்திருக்கும். கோப்பாக அழிக்காமல் உள்ளே போய் "பேர்ஜ் பைனரி லொக்ஸ்" கட்டளையால் அகற்றுங்கள். சேர்வர் எழும்பவே இடமில்லை என்றால் முதலில் டவுன்லோட்ஸ் கோப்புறையையும் பழைய பேக்கப்பையும் வேறு டிஸ்க்குக்கு நகர்த்துங்கள். அரை ஜிபி கிடைத்தாலும் எழும்பிவிடும்.

எஸ்கியூஎல் சேர்வர் எக்ஸ்பிரஸில் டிஸ்க்கில் இடமிருந்தும் நிரம்பிவிட்டது என்று 1827, 1105 வந்தால், 2019 பதிப்பில் ஒரு டேட்டாபேஸுக்கு 10 ஜிபிதான். பழைய வருடக் கணக்கைப் பிரித்து வைக்க வேண்டும் அல்லது காசு கொடுத்துப் பெரிய பதிப்பு வாங்க வேண்டும்.

## ஆளைக் கூப்பிடுகிறீர்கள் என்றால்

திரையைப் போனால் படம் பிடித்து வட்ஸ்அப்பில் போட வேண்டாம். சரிந்த படத்தில் பாதி வரியும் டியூப்லைட்டின் வெளிச்சமும்தான் இருக்கும். கோப்பையே அனுப்புங்கள்: பிழை நடந்ததற்கு முன் ஒரு மணித்தியாலம், பின் பத்து நிமிடம். கூடவே பதிப்பு எண், கடைசியாக நல்லபடி வேலை செய்த நேரம், அதற்குப் பிறகு எத்தனை தரம் ஓஃப் பண்ணி ஒன் பண்ணினீர்கள் என்பது. அந்த எண்ணிக்கையைக் குறைத்துச் சொல்ல வேண்டாம், லொக்கில் தெரியும்.